ஈரச் சட்டை

"வெயில் என்று ஒரு வார்த்தை எழுதக்கூடாதா, டாக்டரம்மா?"

அந்த அம்மாள் கேட்டது இவ்வளவுதான். 2024 மே மாதம், பிற்பகல் இரண்டு மணி தாண்டியிருக்கும். "அப்படியெல்லாம் எழுத முடியாதம்மா, மாரடைப்பு என்றுதான் வரும்" என்றேன். முடியாது என்பது பொய். இறப்புக் காரணம் எழுதும் படிவம் 4-இல் உடனடிக் காரணத்துக்குக் கீழே, அதற்கு இட்டுச்சென்ற காரணங்களுக்கு வரிகள் இருக்கின்றன. மரணத்துக்குத் துணைபோன பிற நிலைகளைக் குறிக்கவும் தனி இடம் உண்டு. அதை வெறுமையாக விட்டேன்.

உப்பளத்திலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உப்பு வாரிக்கொண்டிருந்தவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினாராம், பிறகு பாத்தியிலேயே சாய்ந்துவிட்டாராம். குடத்துத் தண்ணீரை வழியெல்லாம் அவர்மேல் ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சட்டையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. கணுக்காலில் மட்டும் உப்பு வெள்ளைக் கோடாக ஒட்டியிருந்தது. அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 102.6 காட்டியது. ஹீட் ஸ்ட்ரோக் என்று அடித்துச் சொல்ல 104-ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றியது மிகச் சரியான முதலுதவி. சரியானதைச் செய்ததால் சாட்சியும் கழுவப்பட்டுவிட்டது. அக்குள் சூடு உள்சூட்டைவிடக் குறைவாகத்தான் காட்டும். ஆசனவாயில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இசிஜியில் மாற்றம் தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது நிமிடத்தில் போய்விட்டார்.

உடல் உள்ளே கொதிக்கும்போது இதயமும் அடிவாங்கும், இசிஜியும் மாறும். படித்ததுதான். ஆனால் ஐம்பத்தெட்டு வயது, இரத்த அழுத்தம் வேறு. மாரடைப்பே இல்லை என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. வெயில் என்று எழுதினால் போலீசுக்குத் தகவல், பிரேதப் பரிசோதனை, மறுநாள்வரை காத்திருப்பு என்று அந்தக் குடும்பம் அலைய வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அதெல்லாம் கட்டாயமா என்று மேலே யாரிடமும் விசாரிக்கவில்லை. காத்திருக்கச் சம்மதமா என்று அவர்களிடமும் கேட்கவில்லை. அவர்களுக்காக நானே முடிவெடுத்துவிட்டு அதை இரக்கம் என்று வைத்துக்கொண்டேன்.

அன்று வெப்ப அலை எச்சரிக்கைகூட இல்லை என்பது எனக்கு இன்னொரு சமாதானம். கடலோரத்தில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் வானிலைத் துறை அதை வெப்ப அலை என்று கணக்கில் எடுக்கும். தூத்துக்குடிப் பக்கம் ஆளை வீழ்த்துவது பாதரசம் மட்டுமல்ல, காற்றின் ஈரமும்தான். வியர்வை வழியும், காயாது. காயாவிட்டால் உடம்பு குளிராது. பாத்தியில் நிற்பவருக்குத் தலைக்குமேல் வெயில், காலடியில் உப்பின் எதிரொளி. தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. அதில் பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெண்கள் பலர் தாகத்தையும் அடக்கிக்கொள்கிறார்கள், ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால்.

அந்த ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். செய்தியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. பிறகு, மே மாதத்து மரணத்துக்கு அது எப்படியும் கிடைத்திருக்காது என்று தேற்றிக்கொண்டேன். அதற்கும் பிறகுதான் உறைத்தது: அந்த அம்மாள் கேட்ட அன்று பணமென்ற பேச்சே கிடையாது. எதற்காகக் கேட்டார்? "அவருக்கு நெஞ்சில் ஒன்றும் கிடையாது" என்று இரண்டு முறை சொன்னார். நோயாளி என்று பெயர் வாங்கிப் போகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. நானாக ஊகிப்பதுதான் இது.

அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பநிலை 46.8 டிகிரிக்குப் போனது. அந்த மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது சான்றிதழ்களில் வெயிலைத் தேடி அல்ல. மொத்த இறப்புகளை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டுத்தான். என்னைப் போன்றவர்கள் அங்கும் மாரடைப்பு என்று எழுதியிருப்பார்கள் என்று நினைக்க ஒரு கணம் ஆறுதலாக இருக்கிறது. உடனே கூசுகிறது. புவி சூடாவதைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் பேசச் சொன்னால் அரைமணி நேரம் பேசுவேன். படிவத்தில் ஒரு வார்த்தைக்குக் கை வரவில்லை.

இவ்வளவு எழுதியும் ஒன்றைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். வயதைச் சரிபார்க்க அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். இரத்த அழுத்த மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் ஏப்ரலில் இரண்டு மாதத்துக்கு எழுதப்பட்டிருந்தது. அதைச் சாப்பிடுபவருக்கு வெயிலில் உடம்பு சீக்கிரம் வற்றும். என்ன வேலை என்ற கேள்விக்கு அந்தச் சீட்டில் பதில் இல்லை. கையெழுத்து என்னுடையது. மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பத்திரமாக உறைக்குள் வைத்துக்கொண்டார்.