குடலுக்குள் வெள்ளணுக்கள் போட்ட சண்டை: அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் அனுபவம்

மலத்தில் ரத்தம் வந்ததும் எல்லோரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன், மூலம் என்று. முதலில் பார்த்த மருத்துவரும் சரியாகப் பரிசோதிக்காமல் அதையே சொல்லி ஒரு களிம்பை எழுதிக் கொடுத்துவிட்டார். நான்கு மாதம் அதிலேயே போனது. அதற்குள் ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது முறை கழிப்பறைக்கு ஓட்டம், எடை ஏழு கிலோ குறைவு, எங்கே போனாலும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று முதலில் கண் தேடும். "எதிர்ப்பு சக்தி போயிடுச்சு, அதைக் கூட்டணும்" என்று ஆளாளுக்கு ஒரு பொடி சொன்னார்கள், நானும் ஒன்று விடாமல் வாங்கிச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் பார்த்த குடல் நிபுணர் முதலில் கேட்டது மலப் பரிசோதனை. கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்க்க ஒன்று, ஃபீக்கல் கால்புரொடெக்டின் என்று இன்னொன்று. டப்பா மூடியிலேயே ஒரு குட்டிக் கரண்டி ஒட்டிக்கொண்டிருக்கும், அதில் எடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். தொற்று எதுவும் இல்லை. ஆனால் கால்புரொடெக்டின் 1,180. பொதுவாக 50-க்குக் கீழே இருக்க வேண்டுமாம், 250-ஐத் தாண்டினாலே அழற்சி மும்முரமாக நடக்கிறது என்று சந்தேகப்படுவார்களாம். இந்தப் புரதம் நியூட்ரோபில் என்கிற வெள்ளணுவுக்குள் நிறைய இருப்பது. அந்த அணுக்கள் குடல் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கிச் செத்தால் மலத்தில் வந்து நிற்கும். அதாவது அந்த எண், என் குடலுக்குள் செத்து விழுந்த படைவீரர்களின் கணக்கு மாதிரி.

அடுத்தது கோலனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. அதைவிட அதற்கு முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்ய மருந்து குடிப்பதுதான் கொடுமை, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரையில் பார்த்ததைச் சொல்லலாம். நல்ல குடல் இளஞ்சிவப்பாக, ஈரப் பளபளப்பாக இருக்கும், அடியில் ரத்தக் குழாய்கள் வேர் மாதிரி ஓடுவது தெரியும். என்னுடையது மலக்குடலில் தொடங்கி இடைவெளியே இல்லாமல் சிராய்த்த முட்டியாக இருந்தது, கருவி லேசாக உரசினாலே ரத்தம். கிரோன் நோய் என்றால் விட்டு விட்டுத் திட்டுத் திட்டாக வரும், உணவுப் பாதையில் எங்கே வேண்டுமானாலும் வரலாம், இது அப்படி இல்லை, இது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், பெருங்குடலின் உட்சுவரில் வரும் நாள்பட்ட அழற்சி என்றார் நிபுணர்.

குடலில் துளி சதை கிள்ளி எடுத்துப் பார்த்த பயாப்ஸி அறிக்கையில் 'கிரிப்ட் ஆப்செஸ்' என்று ஒரு வரி. குடல் உட்சுவர் முழுக்க நுண்ணிய குழிகள் இருக்கும், அவைதான் கிரிப்ட், அந்தக் குழிகளுக்குள் நியூட்ரோபில்கள் கும்பலாக நிறைந்து சீழாகி நிற்பதைத்தான் அப்படி எழுதுவார்கள். நான் மெதுவாக, "எதிர்ப்பு சக்தி குறைஞ்சதாலதானே டாக்டர்?" என்றேன். சிரித்துவிட்டார். "குறைஞ்சா? உங்களுக்கு அடங்க மாட்டேங்குதுங்க."

அன்று அவர் சொன்ன பத்து நிமிடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கும் நம் உடம்புக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு உயிரணு (செல்) தடிமன் உள்ள சுவர், மேலே கொஞ்சம் சளிப்படலம். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் ஏராளமாக இந்தச் சுவரை ஒட்டிக் குடியிருக்கின்றன. ஆனால் அவற்றின் அன்றாட வேலையில் சண்டையைவிடச் சண்டை போடாமல் இருப்பதுதான் அதிகம். பிளாஸ்மா அணுக்கள் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் பொருளைச் சுரந்து பாக்டீரியாக்களைச் சுவரில் ஒட்டவிடாமல் தடுக்கும், குடலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் அணு உள்ளே வந்த கிருமியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், ஊரைக் கூட்டாது. ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் மற்ற அணுக்களின் மேல் பிரேக் போட்டபடி இருக்கும் (இவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்குத்தான் 2025 மருத்துவ நோபல் பரிசு). எனக்கு அந்த பிரேக் பிடிக்கவில்லை. அப்படி இருக்கும்போது நான் பொடி சாப்பிட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கப் பார்த்திருக்கிறேன்!

குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன், மாத்திரையாகவும் எனிமாவாகவும் இரண்டு மாதம், பாதிதான் குணம். அடுத்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம், வாரத்துக்கு 5 மில்லிகிராம் வீதம் குறைக்கச் சொன்னார்கள். மூன்றே நாளில் ரத்தம் நின்றது, கூடவே தூக்கமும் போனது, முகம் உப்பியது. 15-க்கு இறங்கியதும் ரத்தம் திரும்பி வந்தது. ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை மொத்தமாக அடக்குவது, அதிலேயே காலம் தள்ள முடியாது.

அடுத்த கட்டத்துக்கு இரண்டு மருந்து சொன்னார்கள். இன்ஃப்ளிக்ஸிமாப், டிஎன்எஃப் என்ற அழற்சிச் சமிக்ஞையைத் தடுப்பது. காசநோய்க் கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருந்தால் அதைச் சுற்றி வெள்ளணுக்கள் சுவர் கட்டி அடைத்து வைத்திருக்கும், அந்தச் சுவர் நிற்கவும் இதே டிஎன்எஃப் வேண்டும். அதனால்தான் முன்கூட்டியே மார்பு எக்ஸ்ரே, கையில் காசநோய்ச் சோதனைக்கான மாண்டூ ஊசி, இரண்டு நாள் கழித்து ஸ்கேலால் தடிப்பை அளப்பது எல்லாம். இதில் எதையும் வீண் செலவு என்று தட்டிக்கழிக்காதீர்கள். இன்னொன்று வெடோலிஸுமாப். குடலுக்குப் போக வேண்டிய லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களின் மேல் ஒரு கொக்கி இருக்கும், குடலின் ரத்தக் குழாய்ச் சுவரைப் பிடித்து உள்ளே நுழைய அது வேண்டும். இந்த மருந்து அந்தக் கொக்கியை மூடிவிடும். பெரும்பாலும் குடலோடு நிற்கும் என்பதால் நான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் நாள், 2-ஆம் வாரம், 6-ஆம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேர டிரிப். ஆறாவது வாரம்வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஏமாந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட அணுக்களை அது வெளியேற்றாது, புதிதாக வருவதைத்தான் நிறுத்தும், அதனால் தாமதம் ஆகும் என்று நர்ஸ்தான் சொன்னார். 14-ஆம் வாரம் கால்புரொடெக்டின் 210, ஆறாவது மாதம் 64.

போன மாதம் இரண்டாவது கோலனோஸ்கோபி. இந்த முறை திரையில் வேர் மாதிரி ரத்தக் குழாய்கள் தெரிந்தன, மயக்கத்திலும் அதை அடையாளம் கண்டுகொண்டேன். பயாப்ஸி அறிக்கையில் கிரிப்ட்களின் வடிவம் கோணல்மாணலாக இருக்கிறது, நியூட்ரோபில் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கோணல் பழைய சண்டையின் தழும்பாம், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.