12-இல் நின்றுபோன ஆட்டம்

உலோகக் குண்டுகளைச் சின்ன இலக்குப் பந்துக்கு அருகில் போடும் பிரெஞ்சு ஆட்டம் பெத்தாங்க். 13 புள்ளி எடுத்தால் வெற்றி. நாங்கள் 12, எதிரணி 8. அரையிறுதி, இரட்டையர் ஆட்டம், ஆளுக்கு மூன்று குண்டு. தேவை ஒரே ஒரு புள்ளி. அதை எடுக்க முடியாமல் தோற்றோம். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சுற்றில் எந்தக் குண்டு எங்கே நின்றது என்று இப்போது கேட்டாலும் மண்ணில் வரைந்து காட்டுவேன்.

அதற்கப்புறம் நான் பெத்தாங்க் ஆடும் விதமே மாறிவிட்டது. அதை விவரமாக எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். புதிதாகப் போட்டிகளில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் சொற்கள். இலக்காகப் போடும் சின்ன மரப்பந்தைப் பிரெஞ்சுக்காரர்கள் கொஷொனே என்பார்கள். பன்றிக்குட்டி என்று பொருள். நாங்கள் ‘குட்டி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நம் குண்டைக் குட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது ‘வைப்பது’. எதிரணிக் குண்டை மோதி விரட்டுவது ‘அடிப்பது’. எங்கள் ஜோடியில் வைப்பது நான், அடிப்பது என் துணை. அவர் என்னைவிடப் பல வருடம் மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

அந்தச் சுற்றுக்கு வருகிறேன். முந்தைய சுற்றை எதிரணி எடுத்திருந்ததால் குட்டியைப் போடும் உரிமை அவர்களுக்கு. குண்டு போடுகிறவர் நிற்கும் வட்டத்திலிருந்து குட்டி 6 முதல் 10 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அவர்கள் ஒன்பதரை மீட்டருக்குத் தள்ளினார்கள். அங்கே எனக்குத் தடுமாற்றம் என்று முந்தைய சுற்றுகளிலேயே கவனித்திருக்கிறார்கள். முதல் குண்டை அரை மீட்டர் முன்னால் வைத்தார்கள். அண்ணன் அதை அடித்து விரட்டினார். அவர் குண்டு குட்டிக்கு ஒரு மீட்டர் பக்கவாட்டில் நின்றது. அவர்களுடைய இரண்டாவது குண்டு குட்டிக்குப் பின்னால் 40 சென்டிமீட்டரில் போய் நின்றது. இப்போது எங்கள் கையில் ஐந்து, அவர்கள் கையில் நான்கு. யாருடைய குண்டு குட்டிக்கு அருகில் இல்லையோ அவர்கள்தான் போட வேண்டும் என்பதால் முறை எங்களுடையது.

நான் வட்டத்துக்குள் போனேன். முதல் குண்டு ஒன்றரை மீட்டர் குறைவு. உடனே இரண்டாவதைப் போட்டேன். அது குட்டியைத் தாண்டி இரண்டு மீட்டர் ஓடியது. மூன்றாவது, அவர்களுடைய குண்டின் ஓரத்தில் பட்டு அதைக் குட்டிக்கு இன்னும் பக்கத்தில் தள்ளிவிட்டது. எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அண்ணன் மீதி இரண்டையும் அடிக்கப் பார்த்தார், இரண்டும் தவறின. அவர்கள் நான்கு குண்டையும் நிதானமாக வைத்தார்கள். அதில் மூன்று எங்கள் குண்டுகளைவிடக் குட்டிக்கு அருகில் நின்று எண்ணிக்கையில் சேர்ந்தன, ஏற்கெனவே நின்றதையும் சேர்த்து 4 புள்ளி. 12-12. அடுத்த சுற்றில் எங்கள் இருவர் கையும் மரத்துப்போனதுபோல இருந்தது. முடிந்தது.

அன்று மாலை அண்ணன் என்னைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எங்கே விழணும்னு பார்த்தியாப்பா?”

பார்க்கவில்லை. மூன்று குண்டுக்கும் நான் பார்த்தது குட்டியை மட்டும்தான்.

வைக்கிற ஆளுக்கு உண்மையான இலக்கு குட்டி இல்லை, குண்டு முதலில் மண்ணைத் தொடும் இடம். பிரெஞ்சில் தொன்னே என்பார்கள்; நான் விழுமிடம் என்று சொல்லிக்கொள்கிறேன். குண்டு கையை விட்டபின் நம் கட்டுப்பாட்டில் இருப்பது அந்த இடம்வரைதான். அதற்குப் பிறகு கல், சரிவு, மண்ணின் இறுக்கம் எல்லாம் சேர்ந்து குண்டைக் கொண்டுபோகின்றன. விழுமிடத்தைப் பார்க்காமல் போட்டால் குண்டு ஏன் குறைந்தது, ஏன் ஓடியது என்று நமக்கே தெரியாது. அன்று முதல் குண்டு குறைந்ததற்குக் காரணம் என் கை இல்லை. ஐந்து மீட்டர் தூரத்தில் தளர்ந்த மண் ஒரு திட்டாக இருந்தது. குண்டு அதில் விழுந்து வேகம் இழந்தது. நானோ பலம் போதவில்லை என்று நினைத்து அடுத்ததை ஓங்கிப் போட்டேன். அது திட்டைத் தாண்டி இறுகிய தரையில் விழுந்தது. ஓடாமல் என்ன செய்யும்?

ஆகவே பயிற்சியில் முதல் வேலையாகக் குட்டியை எடுத்துவிட்டேன். ஒரு பழைய துண்டை நான்காக மடித்து ஐந்து மீட்டரில் விரித்து, அதில் குண்டை விழவைப்பது மட்டும்தான் பயிற்சி. எங்கே போய் நிற்கிறது என்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு வாரம் இப்படியே. பிறகு துண்டை அதே இடத்தில் வைத்து, குண்டின் உயரத்தை மட்டும் மாற்றிப் போட்டேன். தாழ்வாகப் போனால் நீண்டு ஓடும், உயரமாக வந்து விழுந்தால் சீக்கிரம் அடங்கும். ஒரே விழுமிடத்திலிருந்து மூன்று தனித்தனித் தூரங்கள் கிடைப்பதைக் கண்ணால் பார்த்தபோது, இத்தனை வருடம் என்ன ஆடினோம் என்று இருந்தது.

கையைப் பற்றி ஒன்று. உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, விரல்கள் சேர்ந்து குண்டைத் தாங்கி, வெளியேறும்போது விரல் நுனிகளில் உருண்டு போனால் குண்டுக்குப் பின்சுழற்சி கிடைக்கும். அந்தச் சுழற்சிதான் விழுந்த பிறகு குண்டை அடக்குகிறது. பதற்றம் வந்தால் முதலில் கெடுவதும் இதுதான்: பிடி இறுகும், மணிக்கட்டு விறைக்கும், சுழற்சி போய்விடும். அப்புறம் எத்தனை சரியான இடத்தில் விழுந்தாலும் குண்டு ஓடிக்கொண்டே இருக்கும். என் இரண்டாவது குண்டுக்கு அன்று இதுவும் சேர்ந்தே நடந்தது. இப்போது வட்டத்துக்குள் போகும் முன் குண்டை விரல்களில் இரண்டு முறை உருட்டிப் பார்க்கிறேன். உருளவில்லை என்றால் கை இறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

குண்டின் எடை, அளவு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். விதிப்படி 650 முதல் 800 கிராம், விட்டம் 70.5 முதல் 80 மில்லிமீட்டர். கைக்குப் பொருந்துவதை எடுத்துக்கொண்டு அதோடு பழகுங்கள். என் தோல்விக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

உத்தியில் செய்த பிழைதான் எனக்கு இன்னும் வலிக்கிறது, ஏனென்றால் அதற்குக் கைத்திறன் அவ்வளவு தேவையில்லை, யோசித்தால் போதும். என் மூன்று குண்டும் வீணான பின் அண்ணன் கையில் இரண்டு, எதிரணி கையில் நான்கு. அந்த நிலையில் எதிரணிக் குண்டை அடித்து நாங்கள் பெறக்கூடியது கொஞ்சம். தவறினால் இழப்பது நிறைய. இன்னொரு வழி இருந்தது: குட்டியையே அடித்து வெளியே அனுப்புவது. குட்டி எல்லைக் கோட்டைத் தாண்டினால் அது செத்த குட்டி. இரு அணியின் கையிலும் குண்டு மீதி இருக்கும்போது குட்டி செத்தால் அந்தச் சுற்றில் யாருக்கும் புள்ளி கிடையாது, புதிதாக ஆரம்பிக்க வேண்டியதுதான். 12-8 அப்படியே நின்றிருக்கும். (ஒரு அணியிடம் மட்டும் குண்டு மீதி இருந்தால் கணக்கு வேறு: மீதிக் குண்டு எத்தனையோ அத்தனை புள்ளி அந்த அணிக்கு.) 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்தை ஒன்பதரை மீட்டரில் அடிப்பது எளிதல்ல, அடித்தாலும் அது எல்லையைத் தாண்ட வேண்டும். ஆனாலும் அண்ணனுக்கு இரண்டு வாய்ப்பு இருந்தது. எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. பின்னால் நின்றுகொண்டு இதைச் சொல்ல வேண்டியது நான்தான். நானோ என் மூன்று குண்டுகளை நினைத்துத் தலைகுனிந்து நின்றேன்.

இதை நினைத்து நினைத்துத்தான் மன உறுதி என்று தனியாக ஒன்று இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். பதற்றம் வரத்தான் செய்யும். அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலை வேண்டும். வேலை இல்லாத மனதுதான் 12, 13 என்று எண்ணிக்கொண்டிருக்கும்.

குண்டைப் போட விதி ஒரு நிமிடம் தருகிறது. நான் அதில் கால்வாசியைக்கூடப் பயன்படுத்தாதவன். இப்போது என் வரிசை இதுதான். முறை வந்ததும் வட்டத்துக்குப் போவதில்லை, குட்டியை நோக்கி நடக்கிறேன். மண்ணைப் பார்க்கிறேன், விழுமிடத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். முன்பு விழுந்த குண்டு பள்ளம் செய்திருந்தால் ஒரு பள்ளத்தை மூட அனுமதி உண்டு, அதை மூடுகிறேன். திரும்பி வந்து அண்ணனிடம் வாய்விட்டுச் சொல்கிறேன்: “அந்தக் கறுப்புக் கல்லுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், உயரமாக.” அதற்குப் பிறகுதான் வட்டம். வட்டத்துக்குள் முடிவை மாற்றுவதில்லை. சந்தேகம் வந்தால் நேரம் இருக்கும்வரை வெளியே வந்துவிடுகிறேன்.

வாய்விட்டுச் சொல்வது முக்கியம். சொல்லிவிட்டால் குண்டு சொன்ன இடத்தில் விழுந்ததா இல்லையா என்று இருவருக்கும் தெரியும். விழுந்தும் ஓடிவிட்டால் இடத்தை மாற்ற வேண்டும்; விழவே இல்லை என்றால் கையைச் சரிசெய்ய வேண்டும். தவறின் பெயர் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடுகிறது. ஒரு குண்டு தவறியதும் “பரவாயில்லை” என்று சொல்வதையும் நாங்கள் நிறுத்திவிட்டோம். “தரையா, கையா?” என்று கேட்கிறார் அண்ணன். நான் பதில் சொல்கிறேன். அவ்வளவுதான் பேச்சு.

இந்த ஆட்டத்தின் பெயரே தென் பிரான்சின் புரோவான்ஸ் பேச்சுவழக்கில் ‘ஊன்றிய பாதங்கள்’ என்ற பொருளுள்ள சொற்களிலிருந்து வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லா சியோத்தா என்ற ஊரில், வாத நோயால் ஓடிவந்து வீச முடியாமல் போன ஜூல் லெனுவார் என்பவருக்காக, நின்ற இடத்திலிருந்தே ஆடும்படி பழைய ஆட்டத்தை மாற்றினார்கள் என்பது வரலாறு. குண்டு தரையைத் தொடும்வரை பாதம் வட்டத்துக்குள் ஊன்றியிருக்க வேண்டும் என்ற விதியை முன்பு நான் ஒரு தடையாகத்தான் பார்த்தேன். இப்போது வட்டத்துக்குள் நின்றதும் என் கவனம் முதலில் பாதங்களுக்குப் போகிறது. இரண்டும் சமமாக மண்ணை அழுத்துகின்றனவா? பிறகு மூச்சை முழுதாக வெளியே விடுகிறேன். பிறகு விழுமிடம். குட்டியை அதற்கப்புறம் பார்ப்பதே இல்லை.

அண்ணனும் தன் பயிற்சியை மாற்றினார். துல்லிய அடிப் போட்டியில் ஐந்து அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 6, 7, 8, 9 மீட்டரில் ஒவ்வோர் அடி, மொத்தம் 20 அடி, அதிகபட்சம் 100 புள்ளி. அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை ஆடி எழுதிவைக்கிறார். ஐந்தாவது அமைப்பு குட்டியை மட்டும் தனியாக அடிப்பது. அதை முன்பெல்லாம் பயிற்சியில் விட்டுவிடுவார். இப்போது அதில்தான் ஆரம்பிக்கிறார்.

போன மாதம் ஒரு போட்டியில் மறுபடி 12-இல் நின்றோம், எதிரணி 10. குட்டி மறுபடி ஒன்பது மீட்டருக்கு மேல். முதல் குண்டு குறைந்தது. “தரையா, கையா?” என்றார். “கை,” என்றேன். விழுமிடத்தை மாற்றாமல் அதே இடத்தில் இரண்டாவதைப் போட்டேன். விழுந்தது, அடங்கியது, குட்டிக்கு முன்னால் ஒரு சாணில் நின்றது. அவர்கள் மூன்று முறை அதை அடிக்கப் பார்த்தார்கள். மூன்றாவதில் என் குண்டு பறந்துபோனது. அண்ணன் பதிலுக்கு அவர்கள் குண்டை விரட்டினார், அவருடைய குண்டு அதே இடத்தில் நின்றுகொண்டது. பிரெஞ்சில் அதற்குக் கரோ என்று பெயர். அவர்கள் அதற்குமேல் நெருங்க முடியவில்லை. ஆட்டம் எங்களுக்கு வந்தது.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம், 13-9. அன்று என் உயரக் குண்டுகள் பல தடவை சொன்ன இடத்தில் விழவில்லை. நோட்டில் ‘கை’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இந்த வாரம் துண்டை எட்டரை மீட்டருக்குத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.