சாத்தின கதவும் பூட்டின கதவும்

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பில் பிழை விட்டேன். பாரிசில் வாடகைக்கு இருக்கிற ஒருவர் வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சில் எழுதின கடிதம். ஆங்கிலப் பிரதி ஒன்று வேணுமாம். அதில் வாசல் கதவு "நெ ஃபெர்ம் ப்ளு அ க்ளே" என்று இருந்தது. 'ஃபெர்ம்'ஐக் கண்டதும் 'க்ளோஸ்' போட்டு, கதவு மூடுதில்லை என்று முடித்துவிட்டேன். பின்னால் தொங்கின 'அ க்ளே', அதாவது 'திறப்பால்' (சாவியால்), கண்ணில் படேல்லை. உண்மையில் கதவு நல்லாத்தான் சாத்துப்படுது, திறப்புத்தான் சுத்துதில்லை. 'லொக்' என்று வந்திருக்க வேணும். "அக்கா, தச்சனையெல்லோ அனுப்பப் போறாங்கள்" என்று மனுசன் வாட்ஸ்அப்பில் சிரித்தார். காசு வாங்காமல் திருத்திக் குடுத்தேன்.

'ஃபெர்மே' என்ற வினை கதவு, கடை, கண், தண்ணிப் பைப் எல்லாத்துக்கும் போகும். எங்கட அம்மாவுக்கு இது சரிவராது. கதவைச் சாத்து, கடையைப் பூட்டு, கண்ணை மூடு, வாயைப் பொத்து, லைற்றை நூர். அந்தக் கடைசியை மட்டும் பிரெஞ்சுக்காரரும் பிரித்துத்தான் வைத்திருக்கினம், அதுக்கு 'எத்தாந்ர்'. ஆனால் அங்கேயும் பிள்ளையள் லைற்றை 'ஃபெர்மே' பண்ணச் சொல்லி வாத்தியாரிட்டை ஏச்சு வாங்குவினம். பாரிசில் பிறந்த என்ர பெறாமகன் தங்கச்சியைப் பார்த்து "லா ஃபெர்ம்!" என்று கத்தினபோது, பண்ணையைப் பற்றி என்ன சண்டை என்று யோசித்தேன். பண்ணைக்கும் அதே சொல்தான். அவன் சொன்னது 'வாயைப் பொத்து'.

அகராதியைப் புரட்டினால் வேடிக்கை. 'ஃபெர்மே' லத்தீனில் உறுதியாக்குவதைக் குறித்த 'ஃபிர்மாரே'யில் இருந்து வந்தது. ஆங்கில 'ஷட்'டும் பழங்காலத்தில் தாழ்ப்பாள் போடுறதுதான். இரண்டுமே பூட்டாகப் பிறந்து, நாளடைவில் தாழ்ப்பாளைத் தொலைத்து வெறும் சாத்தாகிப் போச்சு. அதாலதான் பிரெஞ்சுக்காரர் திறப்பைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கு. 'க்ளோஸ்' பிரெஞ்சு 'க்ளோர்' வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே அது அன்றாடச் சொல். பிறந்த வீட்டில் 'க்ளோர்' விவாதத்தையும் கோப்பையும் முடிக்கிற கந்தோர்ச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. அதுக்குச் சில காலவடிவங்களே இல்லை. பரீட்சைக்குப் படிக்கேக்கை எனக்கு அது பெரிய நிம்மதி.

இப்ப 'ஃபெர்மே' வந்தால் நேரே ஆங்கிலத்துக்குப் போறதில்லை. அம்மா என்ன சொல்லுவா என்று முதலில் கேட்டுக்கொள்ளுறன். 'பூட்டு' என்றால் மட்டும் இன்னொருக்கால் யோசிக்க வேணும். அவ ஃபானையும் கழட்டிப் பூட்டுவா.

வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட இருக்கிற எங்கட வீட்டிலேயும் இப்ப அதே கதை. உப்புக்காத்தில் பூட்டுத் துருப்பிடித்து, திறப்புப் பாதியில் நிக்குது. திருத்திறவர் நாளைக்கு நாளைக்கு என்கிறார். இரவில் "பூட்டினியோ?" என்று அம்மா கேட்பா. "சாத்தியிருக்கு" என்பேன். அவ எழும்பிப் போய்க் கதவோடை கதிரையை இழுத்து வைப்பா.