கேம் ஆடினால் கை நீளுமா?

என் அக்கா மகன் துப்பாக்கி கேமில் தோற்றால் கன்ட்ரோலரை மெத்தையில் வீசுவான். "பார்த்தியா, கேம் பண்ற வேலை!" என்பாள் அக்கா. கால்பந்து கேமில் தோற்றாலும் அதே வீச்சுதான். அது மட்டும் அவள் கணக்கில் வராது.

வன்முறை கேம் ஆடினால் பிள்ளைகளும் வன்முறையில் இறங்குவார்கள் என்ற பேச்சு வந்தாலே 1963-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா செய்த போபோ பொம்மைச் சோதனையை இழுப்பார்கள். படத்தில் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகளும் அடித்தார்கள், சரி. ஆனால் அது குத்தினால் சாய்ந்து தானே நிமிர்கிற காற்றுப் பொம்மை! வேறெதற்கு இருக்கிறதாம்? பின்னால் வந்த கேம் ஆய்வுகள் பலவற்றில் அளந்தது, ஆடி முடித்தவர்கள் முகம் தெரியாத எதிராளியின் காதில் எவ்வளவு பலமான இரைச்சலை விடுகிறார்கள் என்பதை. அங்கிருந்து கொலைக்குத் தாவுவது எனக்கு ஒப்பவில்லை.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னதும் இதுதான்: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டு, நிஜ வன்முறைக்குக் கேமைக் காரணமாக்க ஆதாரம் போதாது. அந்தச் சிறு தொடர்பை நான் மறுக்கவில்லை. ராத்திரி தூங்காமல் ஆடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.