எங்கள் கழுவும் திட்டம் தாலிக் கயிற்றில் நின்றது

ரசாயனம் பட்டவர்களைக் கழுவும் ஒத்திகை முடிந்து நான்கு நாள் ஆகிறது. இன்னும் மனசு ஆறவில்லை. நாளைக்கு இதே வேலை உங்கள் தலையில் விழலாம் என்பதால் எழுதிவைக்கிறேன்.

வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் கேஷுவால்டியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியதை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. ரசாயனம் பட்டவர்கள் கூட்டமாக வந்தால், உள்ளே விடுவதற்கு முன் அவர்களை எப்படிக் கழுவுவது? அதற்குத் திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஃபைலில் பழைய திட்டம் ஒன்று இருந்தது. "சம்பவ இடத்திலேயே தீயணைப்புத் துறையினர் கழுவி அனுப்புவார்கள்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியை நம்பாதீர்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற, நரம்பைத் தாக்கும் விஷம் பரவியபோது, பக்கத்திலிருந்த செயின்ட் லூக் மருத்துவமனைக்கு ஒரே நாளில் 640 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. நடந்தும் டாக்ஸி பிடித்தும் வந்துவிட்டார்கள். அவர்கள் உடையிலிருந்து கிளம்பிய ஆவி மருத்துவர்களையும் நர்ஸுகளையும் பாதித்தது. மூச்சு முட்டுகிறவர் எந்த வண்டி கிடைத்தாலும் ஏறத்தான் செய்வார். அதனால் கழுவும் இடம் நம் கேட்டுக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

அங்கே தண்ணீர் தூவத் தீயணைப்பு வண்டி கேட்டு மூன்று முறை அலைந்தேன். முதல் முறை கடிதத்தில் மேலதிகாரி கையெழுத்து இல்லை. இரண்டாம் முறை, கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று எழுதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று எரிச்சலாக இருந்தாலும் அது நியாயமான கேள்வி. கடிதத்தோடு ஒரு வரைபடமும் வைத்துவிடுங்கள்: வண்டி நிற்கும் இடம், வடிகால், காற்று வீசும் திசை. இரண்டு வண்டி கேட்டேன், ஒன்றுதான் வந்தது. இரண்டு இருந்தால் இணையாக நிறுத்தி, நடுவில் சந்து விட்டு, இரண்டு பக்கமிருந்தும் தூவலாம். எங்களுக்கு மறுபக்கம் மதில் சுவர்தான்.

ஒத்திகைக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். பாதிக்கு மேல் மகளிர் குழுப் பெண்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மளமளவென்று போய்விட்டார்கள். பெண்கள் வரிசை அசையவே இல்லை. மறைப்புக்குக் கட்டியிருந்த தார்ப்பாய் இடுப்புயரம்தான். எதிர் மாடியில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் தாலி. நூல் கயிறு ரசாயனத்தை உறிஞ்சிக் கழுத்திலேயே வைத்திருக்கும், எடுத்தாக வேண்டும் என்று நான் சொன்னதும் ஓர் அம்மா அழுதே விட்டார். இருபது நிமிடம் அப்படியே போனது. உண்மையில் அமிலம் பட்டிருந்தால் அந்த இருபது நிமிடத்தில் தோல் வெந்திருக்கும்.

எங்கள் ஆயாம்மாதான் வழி சொன்னார். "சிஸ்டர், ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாத்திக்கிறதில்லையா? புதுசைக் கட்டிட்டுப் பழசை எடுங்க." பக்கத்துக் கடையிலிருந்து மஞ்சள் கயிறு வாங்கிவந்தோம். புதுக் கயிறு கழுத்தில் ஏறிய பிறகு பழசை வெட்டி, மாங்கல்யத்தைச் சோப்புத் தண்ணீரில் அலசி அவர்கள் கண்ணெதிரிலேயே கோத்துக் கொடுத்தோம். வரிசை நகர ஆரம்பித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

துணியைக் களைந்தாலே பெரும்பகுதி ரசாயனம் போய்விடும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். நைட்டி, லுங்கி, துண்டு இல்லாமல் திட்டம் போடவே வேண்டாம். பனியன், டி-ஷர்ட்டைத் தலை வழியாக இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள். செல்போனும் சாவியும் ஒரு பாலித்தீன் பையில்; பைக்கு ஒரு எண், அதே எண் கையிலும். பை திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் கொடுப்பார்கள்.

தண்ணீர் பீய்ச்சி அடிக்கக் கூடாது. மழைபோல் தூவ வேண்டும். முதல் தூவலில் ஒரு பாட்டி தடுமாறி விழப் பார்த்தார். உடனே அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னோம். ஒருவருக்கு ஒன்று, ஒன்றரை நிமிடம் போதும். அப்புறம், எல்லாரையும் நனைக்க வேண்டியதும் இல்லை. அமோனியா வாயுவை மட்டும் சுவாசித்து, கண்ணிலும் தோலிலும் எரிச்சல் இல்லாதவர்களை உடை மாற்றி, நல்ல காற்றில் உட்காரவைத்துக் கவனித்தால் போதும். இது முன்பே தெரிந்திருந்தால் வரிசை பாதியாகியிருக்கும்.

ஆளுயரத் தார்ப்பாய்க்கும் இரண்டாவது வண்டிக்கும் நேற்று புதுக் கடிதம் கொடுத்தேன், வரைபடத்தோடு. இந்த முறை அங்கேயே வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். மஞ்சள் கயிறு இப்போது கேட் அருகே இருக்கும் பெட்டியில், கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கிறது.