நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

கரையோரச் சேற்றில் வளரும் கண்டற்காட்டு மரங்களை நடுவது என்றதும், சேற்றில் வரிசையாகக் குத்திய நீளக் காய்கள்தான் படங்களில் வரும். யாழ்ப்பாணக் களப்பில் (கடல்நீரேரியில்) பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. நீளக் காய், அந்த மரங்களில் கண்டல் என்ற ஓர் இனத்துடையது. கையில் பிடித்துக் குத்தச் சுகம் என்பதால்தான் எல்லாரும் அதைத் தேடுகிறார்கள். இங்கே கரையோரம் தானாக முளைத்து நிற்பது பெரும்பாலும் கண்ணா என்ற வேறோர் இனம்.

காரணம் உப்பு. ஆறில்லாத ஊர், ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்வதுதான் களப்பு காணும் நன்னீர். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. களப்புக்குக் குறுக்கே போகும் பாதைகளான தாம்போதிகள் நீரோட்டத்தை மறித்த ஒதுக்குகளில் ஆடி, ஆவணிக்கு அது இன்னும் ஏறிவிடும். கண்ணா இலை வழியே உப்பை வெளியேற்றும். கோடையில் இலையைத் தடவினால் விரலில் உப்புப் பொடி ஒட்டும். கண்டலுக்கு அந்த வசதி இல்லை.

2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, இலங்கையில் 1000 முதல் 1200 ஹெக்டயர் வரை கண்டற்காட்டு மர நடுகை நடந்தும், வெற்றி கண்டது 200 முதல் 220 ஹெக்டயர்தான். 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை.

நட முன் பார்க்கவேண்டியது மட்டம். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் போதும். ஒரு நுனியை வளர்ந்து நிற்கும் கண்ணாவின் அடியிலும், மறு நுனியை நடப்போகும் நிலத்திலும் பிடித்துப் பாருங்கள். இங்கே வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. ஒரு சாண் தாழ்ந்தாலும் கன்று வாரக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும், வேர் அழுகும், தண்டில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் ஒட்டி ஏறும். மேடாக இருந்தால் சித்திரை வெயிலில் காய்ந்துவிடும்.

மழையும் முன்புபோல் இல்லை. பிந்தி வருகிறது, வந்தால் 2008இன் நிஷா புயலைப்போல ஒரேயடியாகக் கொட்டுகிறது. கார்த்திகையில் நட்டுவிடவேண்டும் என்ற அவசரத்தை அதனால் விடவேண்டும். வெள்ளம் வடிந்த தை மாதம் நல்லது. கோடைக்கு முன் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும்.

கண்ணாக் காயை ஓர் இரவு ஊறவைத்தால் தோல் கழன்றுவிடும். புதைக்கக்கூடாது, வேர்நுனி கீழே இருக்க, நாற்றுப் பையிலுள்ள சேற்றில் பாதி அமிழ அழுத்தினால் போதும். பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். நாற்றுமேடையில் கடைசி நாள்வரை கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, கன்றைத் திடீரென்று களப்பில் வைத்தால் ஒரு கிழமையில் இலை கருகும். கடைசி ஒரு மாதம் களப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்து பழக்கவேண்டும்.

கரைக்குப் பின்னால் வெறுங்காணி விடுவதுதான் பெரிய இழுபறி. கடல் உயரும்போது கண்ணாவும் உள்ளே நகரவேண்டும். அங்கே மதிலோ அணையோ எழுந்துவிட்டால் நகர வழியில்லை.

கட்டாக்காலி மாட்டுக்கு வேலி போடலாம். ஆட்டுக்குக் குழை வெட்ட வருகிறவர்களுக்கு வேலி சரிவராது. எந்தப் பக்கம் வெட்டலாம், எதை மூன்று வருடம் விடவேண்டும் என்று அவர்களோடு பேசித்தான் முடிவெடுக்கவேண்டும். கன்றுகளை எண்ணுவதானால் நட்ட அன்று வேண்டாம், ஆவணி முடிய எண்ணுங்கள்.