புது போர்வெல் போடுறதுக்கு முன்னாடி ராத்திரில டேங்க் மட்டத்த அளந்து பாருங்க

எங்க பகுதி தண்ணி கமிட்டில நான் சேர்ந்தப்போ எல்லார் வாய்லயும் ஒரே பேச்சுதான், தண்ணி பத்தல, இன்னொரு போர் போடுங்க. இருக்கறது ஒரு போர், ஒரு மேல்நிலைத் தொட்டி, அதுலேர்ந்து கெளை கெளையா பிரியிற பைப் லைன். மோட்டார் ஓடுற நேரம் கூடிக்கிட்டே போகுது, ஆனா மேட்டுத் தெருவுல குடம் வரிசை மட்டும் கொறையவே இல்ல. சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு ஏத்துறோம்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. ஆபரேட்டர் அண்ணன் சொன்னது, "டேங்க் ரொம்புற வரைக்கும் ஓட்டுவேன், வழிஞ்சா நிறுத்திடுவேன்." அவரச் சொல்லிக் குத்தமில்ல, அவருகிட்ட தண்ணி அளக்குற மீட்டர் ஒண்ணு கூட கெடையாது.

மீட்டர் வாங்குறதுக்கு கமிட்டி சம்மதம், பணம்னு இழுக்கும், அதனால இருக்கறத வச்சே ஆரம்பிச்சோம். தொட்டி உள்ளளவு 4 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது மட்டம் 1 செ.மீ. எறங்குனா 120 லிட்டர் போயிருக்குன்னு அர்த்தம். உள் சுவர்ல அளவுக் கோடு போட்டாச்சு. ஒரு நாள் நடுராத்திரி, எல்லாரும் குழாய மூடி வச்சிருங்கன்னு முன்னாடியே சொல்லிட்டு, மோட்டாரையும் நிறுத்திட்டு, தொட்டி வெளி வால்வ மட்டும் முழுசா தெறந்து விட்டுப் பாத்தோம். ஒரு மணி நேரத்துல 7 செ.மீ. எறங்கிருச்சு. 840 லிட்டர்! யாரும் ஒரு சொட்டு புடிக்காத நேரத்துல. எங்க லைன்ல எந்நேரமும் தண்ணி நிக்கும், அதனால இதே கணக்குல 24 மணி நேரத்துக்கு 20,000 லிட்டருக்கு மேல வருது. பகல்ல எல்லாரும் புடிக்கிறப்போ பிரஷர் கொறைஞ்சு ஒழுக்கும் கொஞ்சம் கொறையும்தான், ஆனாலும் இது புது போர் போட்டா மட்டும் நிக்கப் போற விஷயமா?

"எவனாவது ராத்திரி தெறந்து வச்சிருப்பான்யா"ன்னு ஒரு பெரியவர் ஒத்துக்கவே இல்ல. சரின்னு இன்னொரு ராத்திரி ஒவ்வொரு கெளை வால்வா மூடிக்கிட்டே வந்தோம், எந்த வால்வ மூடுனா மட்டம் எறங்குற வேகம் சட்டுனு கொறையுதோ அந்தக் கெளையிலதான் ஓட்டை. முக்கால்வாசி ரெண்டே ரெண்டு தெருவுல மாட்டுச்சு. இரும்பு பைப்பா இருந்தா வால்வு மேல கம்பிய வச்சு காத வச்சுக் கேட்டாலே சத்தம் வரும், பிளாஸ்டிக் பைப்புல சத்தம் ரொம்ப தூரம் போகாது, அதனால வெயில்லயும் ஈரம் காயாத எடம், காரணமில்லாம புல்லு மொளைச்ச எடம்னு தேடித் தேடித் தோண்டுனதுதான். பெரிய பைப் எங்கயும் ஒடையல. வீட்டுக்கு லைன் பிரியிற ஜாயிண்ட்லதான் பெரும்பாலும் கசிவு, சின்னச் சின்னதா, கண்ணுக்கே தெரியாம.

மேட்டுத் தெரு பிரச்சன வேற மாதிரி. 10 மீட்டர் உயரத்துக்கு சுமாரா 1 பார் பிரஷர்ங்கறதுதான் கணக்கு, தொட்டிக்கும் மேட்டு வீட்டுக்கும் உயர வித்தியாசம் கம்மி, பள்ளத்துல இருக்கறவங்க தொட்டி ரொம்பி வழியிற வரைக்கும் இவங்களுக்கு ஏறவே ஏறாது. இதுல சில வீட்டுல லைன்லயே நேரா மோட்டார மாட்டி உறிஞ்சுறாங்க (இதத்தான் என்னால பொறுக்க முடியல). அது பக்கத்து வீட்டுத் தண்ணிய இழுக்குறதோட நிக்காது, பைப்புல உள்ள பிரஷர் வெளியவிடக் கீழ போனா, ஓட்டை வழியா சாக்கடைத் தண்ணி உள்ள வரும். அந்த மோட்டார்கள எடுக்க வச்சோம், பள்ளத்து வீட்டுத் தொட்டிக்கெல்லாம் மிதவை வால்வு (தொட்டி ரொம்புனா தானா மூடிக்கும்) போட வச்சோம், லைன் மேடேறி எறங்குற எடத்துல காத்து அடைச்சு நின்னுச்சு, அங்க ஒரு ஏர் வால்வு. பள்ளத்துக் கெளைக்குப் போற தண்ணிய கொஞ்சம் கொறைக்கவும் வேண்டியிருந்துச்சு. முழுசா தெறக்கவோ மூடவோ மட்டும் உள்ள கேட் வால்வ பாதி தெறந்தே வச்சிருந்தா அது சீக்கிரம் தேஞ்சு போகும், அதனால அளவு கொறைக்கிறதுக்குன்னு வேற வால்வு வச்சோம்.

ஒழுக்கு இருந்த காலத்துல குளோரின் கணக்கும் கந்தலாத்தான் இருந்துச்சு. ப்ளீச்சிங் பவுடர கண்ணளவுல அள்ளிக் கொட்டுறதுதான் வழக்கம். 50,000 லிட்டர் தண்ணில லிட்டருக்கு 1 மில்லிகிராம் வேணும்னா 50 கிராம் குளோரின், பவுடர்ல 25 சதவீதம்தான் வீரியம் இருக்குன்னா 200 கிராம் பவுடர். ஆனா மூட்டைய தெறந்து வச்சா வீரியம் போயிட்டே இருக்கும், தண்ணில அழுக்கு இருந்தா அதுவே குளோரின தின்னுரும், அதனால கணக்க நம்பி விட்டுட முடியாது, போட்டு அர மணி நேரமாவது கழிச்சுத்தான் விடணும், கடைசி வீட்டுக் குழாய்த் தண்ணில குளோரின் டெஸ்ட் கிட் வச்சுப் பாக்கணும். அங்க லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருந்தாத்தான் எங்களுக்கு நிம்மதி. தொட்டிகிட்டயே டெஸ்ட் பண்ணி நோட்டுல எழுதுறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

வீட்டு மீட்டர் விஷயம்தான் பெரிய ரகள. "தண்ணிக்கு மீட்டரா"ன்னு கூட்டத்துலேர்ந்து எழுந்து போனவங்க உண்டு. நாங்க பேசி ஜெயிக்கல. ஏத்துன தண்ணி இவ்வளவு, வீடுகளுக்குப் போனது இவ்வளவு, காணாமப் போனது இவ்வளவுன்னு மாசா மாசம் போர்டுல எழுதிப் போட்டோம், மீட்டர் வச்ச தெருவோட கணக்கு தனியா. அதப் பாத்துட்டு மத்தவங்க அவங்களாவே கேக்க ஆரம்பிச்சாங்க. கட்டணத்துல ஒரு பங்க மோட்டாருக்குன்னு தனியா ஒதுக்குறோம், இல்லன்னா அது காயில் போற அன்னைக்கு வீடு வீடா கையேந்தணும்.

போர்ல மோட்டார் ஓடாதப்போ மட்டம் எவ்வளவு, ஓடுறப்போ எவ்வளவுன்னு ரெண்டையும் இப்போ குறிச்சு வைக்கிறோம். மழைத்தண்ணிய பூமிக்குள்ள எறக்கவும் யோசன இருக்கு. 100 சதுர மீட்டர் கூரைல 10 மி.மீ. மழைக்கு கணக்குப்படி 1000 லிட்டர், அதுல கொஞ்சம் வீணாகும். ஆனா வடிகட்டாம நேரா குடிக்கிற போருக்குள்ள விடுறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன், மேல ஓடுற அழுக்கு அப்படியே அடியில போய்ச் சேந்துரும்.

புது போர் தீர்மானத்த இப்போதைக்குத் தள்ளி வச்சாச்சு. அடுத்தது தொட்டியோட மெயின் வால்வு, மூடுனாலும் முழுசா மூட மாட்டேங்குது, அத மாத்தணும்னா ஒரு நாள் முழுக்க சப்ளைய நிறுத்தணும், எந்த நாள்ங்கறதுல இன்னும் சண்ட ஓடிக்கிட்டிருக்கு.